பந்தக்கால்ல கட்டி வைக்க அவன் என்ன கிடாயா?

இன்னைக்கு கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். பாதியில கோபம் வந்தா வரட்டும். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

ரெண்டு வாரமா நம்ம வாட்சாப் குழுவுல ஒரு வீடியோ சுத்துது. எந்த ஊர் கோயில்னு தெரியல, ஆனா நம்ம நாடுதான். இருபது இருபத்திரண்டு வயசுப் பையன். பந்தக்கால்ல கயித்தால கட்டி வச்சிருக்காங்க. உண்டியல் பக்கத்துல நின்னானாம். ஒருத்தர் கன்னத்துல அறையுறார், இன்னொருத்தர் போன்ல படம் பிடிக்கிறார். பையனுக்கு மூக்குல தண்ணி ஒழுகுது, கை காலெல்லாம் உதறுது. மருந்து கிடைக்காத உடம்பு அப்படித்தான் உதறும். அதுக்குக் கீழ நம்ம ஆளுங்க போட்ட கமெண்ட்: "சூப்பர் ப்ரோ", "இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்", "அம்மா சும்மா விடமாட்டா". போட்டவங்கள்ல பாதிப் பேர் வெள்ளிக்கிழமை தவறாம அர்ச்சனைத் தட்டோட வர்றவங்க.

அதோட நின்னிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். இப்ப ஆடித் திருவிழாவுக்கு ஒரு யோசனை வந்திருக்கு. மம்பாவ் வட்டாரத்துல "ஸ்டஃப் அடிக்கிற" பையன்களோட படத்தைப் போட்டு வாசல்ல பேனர் கட்டணுமாம், "இவர்களுக்கு அனுமதி இல்லை"ன்னு. இன்னொருத்தர் அதுக்கும் மேல போய், அன்னதான வரிசை நிக்கிற நேரத்துல ஏஏடிகே ஆளுங்களைக் கூப்பிட்டு எல்லாருக்கும் சிறுநீர் சோதனை பண்ணச் சொல்லலாம்ங்கிறார். இந்த ரெண்டுக்கும் நான் எதிர்ப்பு. கூட்டத்துலயும் சொன்னேன், இங்கயும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. திருட்டு திருட்டுதான். அம்மன் தாலியில கை வச்சவனை, பெத்த அம்மா தோட்டைக் கழட்டிட்டுப் போனவனை நான் தாங்கிப் பேச வரல. இந்தப் பொருளால எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், நானும் தோட்டத்துல பிறந்தவன்தான். திருடினா போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. அதுக்குச் சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்துக்கு உள்ளேயே நாமளும் இருக்கோம்ங்கிறதைத்தான் மறந்துட்டோம்.

நான் வக்கீல் இல்ல. எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சிட்டு முப்பது வருஷத்துக்கு மேல பேக்டரியில ஓட்டினவன். ஆனா நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு வக்கீல் பிள்ளை உக்காந்து எனக்குப் பொறுமையா விளக்கினார். பொதுமக்கள் ஒருத்தரைப் பிடிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27-வது பிரிவு இடம் கொடுக்குது. ஆனா பிடிச்ச ஆளை வீண் தாமதம் இல்லாம பக்கத்துல இருக்கிற போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும். கட்டி வச்சு அடிக்கிறதுக்கு அந்தப் பிரிவுல ஒரு வரியும் கிடையாது. அறைஞ்சவர் மேல தண்டனைச் சட்டம் 323 பாயும், கட்டி வச்சவர் மேல 342 பாயும். வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினவருக்குத் தொடர்பு பல்லூடகச் சட்டம் 233 இருக்கு. ஆக அந்த வீடியோவுல குற்றம் செஞ்சதுக்குச் சாட்சியோட மாட்டியிருக்கிறது கட்டி வச்சவங்கதான். பையன் உண்டியலைத் தொட்டதை அதுல யாரும் பார்க்கல.

இப்ப அடுத்த கேள்வி. "சரி அண்ணே, அடிக்கல, போலீஸ்ல கொடுத்துடுறோம். போதைப்பித்தனுக்கு என்ன உரிமை?" இந்தக் கேள்விதான் என்னை எழுத வச்சது. உரிமை இருக்கு. எழுதியே வச்சிருக்காங்க.

நம்ம நாட்டுல போதைப்பித்தருக்குன்னு தனியா ஒரு சட்டம் 1983-ல வந்துச்சு. போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம். பேர்லயே பாருங்க, சிகிச்சை. சந்தேகத்தின் பேர்ல பிடிச்சா சோதனைக்காக 24 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம். அதுக்கு மேல வைக்கணும்னா மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும், அதுவும் 14 நாளுக்கு மேல போகக் கூடாது. அதுக்குப் பிறகுதான் முக்கியமான இடம் வருது. சிறுநீர்ல பாசிட்டிவ் வந்துட்டா உடனே அவன் போதைப்பித்தன்னு முடிவு கிடையாது. அரசாங்க மருத்துவரோ பதிவு பெற்ற மருத்துவரோ பரிசோதிச்சுச் சான்று கொடுக்கணும். அந்தப் பொருள் இல்லாம இருக்கவே முடியாத நிலைமையில இருக்கானா, இல்ல ஒருநாள் கூட்டாளிகளோட சேர்ந்து இழுத்தவனான்னு பிரிச்சுப் பார்க்கத்தான் அது. பிறகு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்துறப்போ, அவன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பின்னாடிதான் உத்தரவு போடணும். 2024 திருத்தத்துக்கு முன்னால இருந்த சட்டப்படி உத்தரவு ரெண்டு விதம். ஒண்ணு, ரெண்டு வருஷம் மறுவாழ்வு மையம், வெளிய வந்ததும் இன்னும் ரெண்டு வருஷம் கண்காணிப்பு. இன்னொண்ணு, மையத்துக்குப் போகாம வெளிய இருந்துக்கிட்டே ரெண்டுல இருந்து மூணு வருஷம் கண்காணிப்பு.

இந்த ரெண்டாவது வழி இருக்குன்னு எத்தனை அம்மாவுக்குத் தெரியும்? பையன் வேலைக்குப் போறான், வீட்டுல சம்பாதிக்கிற ஆள் அவன் ஒருத்தன்தான்னு மாஜிஸ்திரேட்கிட்ட எடுத்துச் சொல்ல யார் இருக்கா? நான் பார்த்த வரைக்கும் நம்ம பிள்ளைங்க தனியா நிக்குதுங்க. "ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்"னு லோக்காப்ல பக்கத்துல இருந்தவன் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிட்டு வருதுங்க.

பிடிபட்டவன் சொந்தக்காரருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லலாம்னு அதே நடைமுறைச் சட்டம் 28ஏ-ல இருக்கு. வக்கீலுக்குக் காசில்லைன்னா தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கு, 2012-ல இருந்து இலவசமா வக்கீல் அனுப்புறாங்க. அரசியலமைப்புச் சட்டம் 5-வது பிரிவு உயிரும் சுதந்திரமும் எல்லாருக்கும்னு சொல்லுது, 8-வது பிரிவு சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்ங்குது. "போதைப்பித்தர் நீங்கலாக"ன்னு ரெண்டுலயும் போடல.

லோக்காப் விஷயத்துல நம்ம சமூகத்துக்கு நான் புதுசா எதையும் சொல்லித் தர வேண்டியதில்ல. 2009-ல குகன், 2021-ல கணபதி. அப்ப தெருவுல நின்னு நியாயம் கேட்டோம். காய்ச்சலும் வாந்தியுமா நடுங்கிட்டு இருக்கிற ஒரு பையனை லோக்காப்ல தள்ளிட்டு, அவனுக்கு ஒரு டாக்டர் வந்தாரான்னு கேக்க ஆள் இல்லைன்னா, அடுத்த பேரை நாமளே எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

இது ஒரு சட்டம். அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952 வேற. அதுல 15-வது பிரிவு, உடம்புல ஏத்திக்கிட்டதுக்கே 5,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. ஏற்கெனவே ரெண்டு தடவை மையத்துக்குப் போனவனோ தண்டனை வாங்கினவனோ மறுபடி மாட்டினா 39சி. அஞ்சுல இருந்து ஏழு வருஷம், கூட மூணு பிரம்படி வரைக்கும். அவன் யாருக்கும் விக்கல, கடத்தல. தன் உடம்புல தானே ஏத்திக்கிட்டதுக்கு இவ்வளவு. ஒரு சட்டம் நீ நோயாளிங்குது, இன்னொண்ணு குற்றவாளிங்குது. எந்தச் சட்டத்துல தள்ளுறதுங்கிறது பெரும்பாலும் பிடிச்சவங்க கையில இருக்கு. ஒரே தாமான், ஒரே வயசு, ஒரே பொருள். ஒருத்தன் கிளினிக்குக்குப் போறான், இன்னொருத்தன் பிரம்படி வாங்குறான்.

2019-ல அப்ப இருந்த சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ ஜூல்கிஃப்ளி அகமட், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமா வச்சிருக்கிறதைக் குற்றமாப் பார்க்காம நோயாப் பார்க்கப் போறோம்னு அறிவிச்சார். அடுத்த வருஷமே அந்த அரசாங்கம் கவுந்துச்சு. 2024-ல 1983 சட்டத்துக்குத் திருத்தம் கொண்டு வந்து மக்களவையில நிறைவேத்தினாங்க. அதுல சமூகத்துலயே வச்சு சிகிச்சை கொடுக்கிற வழியை விரிவாக்குறோம்னு சொன்னது நல்லது. ஆனா அடிமையானவங்களோட சேர்த்து "தவறாகப் பயன்படுத்துறவங்க"ன்னு ஒரு பிரிவையும் சேர்த்தாங்க. அதிகாரிகள் கைக்கு ரொம்ப அதிகாரம் போகுதுன்னு வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஆட்சேபிச்சாங்க. எனக்கும் அதே பயம்தான். வலை பெருசானா அதுல முதல்ல விழறது தாமான் மூலையில மோட்டார் பக்கத்துல உக்காந்திருக்கிற நம்ம பிள்ளைங்கதான்.

"கட்டாயப்படுத்தி உள்ள தூக்கிப் போட்டாத்தான் திருந்துவானுங்க"ன்னு சொல்றவங்களுக்கு என் வேலையில இருந்தே பதில் சொல்றேன். லைன்ல ஒரு மெஷின் படுத்துடுச்சுன்னு வைங்க. ஒரு வெர்க்‌ஷாப்புக்கு அனுப்புறோம், திரும்பி வந்து 31 நாள்ல மறுபடியும் படுக்குது. இன்னொரு வெர்க்‌ஷாப்புக்கு அனுப்பினது 352 நாள் ஓடுது. மேனேஜர் அடுத்த மெஷினை எங்க அனுப்பச் சொல்வார்? இந்த எண்ணை நான் சும்மா போடல. நம்ம நாட்டுலயே பண்ணின ஆய்வு, 2017-ல லான்செட் குளோபல் ஹெல்த் மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஹெரோயின் மாதிரிப் பொருளுக்கு அடிமையாகி, கட்டாய மையத்துல இருந்து வெளிய வந்தவங்கள்ல பாதிப் பேர் 31 நாளைக்குள்ள மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. தானா முன்வந்து மெத்தடோன் சிகிச்சை எடுத்தவங்கள்ல பாதிப் பேர் அந்த நிலைக்கு வர 352 நாள் ஆச்சு. 2012-லயே ஐக்கிய நாட்டு நிறுவனங்கள் 12 சேர்ந்து, கட்டாயப் போதைத் தடுப்பு மையங்களை மூடுங்கன்னு உலகம் பூராவும் கேட்டுக்கிச்சு.

மெத்தடோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சிரப் மாதிரி குடிக்கிற மருந்து. ஹெரோயின் தேடி உடம்பு துடிக்கிறதை அடக்கும், மயக்கத்துல தள்ளாது, வேலை பார்க்கலாம். நம்ம நாட்டுல 2005-ல ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் ஊசி மாத்திக் கொடுக்கிற திட்டமும் வந்துச்சு. அப்ப எச்.ஐ.வி. வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஊசியைப் பகிர்ந்துக்கிட்டதாலதான் வந்துச்சு. இப்ப நிறைய சுகாதார கிளினிக்குல மெத்தடோன் கிடைக்குது. ஆனா சியாபுவுக்கு இது உதவாது, அதையும் சொல்லிடுறேன். இப்பத்த பையன்கள்ல பாதி சியாபுதான். அதுக்கு இந்த மாதிரி ஒரு மருந்து கிடையாது. ஆலோசனை, தொடர்ந்து கவனிப்பு, கூட ஒரு ஆள், கையில ஒரு வேலை. அந்தக் கடைசி ரெண்டும் எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடைக்காது.

எங்க பேக்டரியில மெத்தடோன் குடிக்கிறவங்க இருக்காங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். கிளினிக் கவுண்டர் திறக்கிற நேரம் எங்க காலை ஷிப்டு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு. தினமும் தாமதமா வந்தா எச்.ஆர். கடிதம் கொடுத்துடுவாங்க. அதனால நான் அவங்களை மதிய ஷிப்டுல போட்டு வச்சிருக்கேன். அவ்வளவுதான் நான் செஞ்சது, ஒரு பேப்பர்ல பேரை மாத்தி எழுதினேன். ஒருத்தர் நாலு வருஷமா ஒழுங்கா வர்றார், ஈ.பி.எப். கட்டுறார், பொண்ணைத் தமிழ்ப்பள்ளியில சேர்த்துட்டார். இவர் படத்தைத்தான் நம்ம பேனர்ல போடப் போறோமா? யோசிங்க. இன்னைக்கு எழுந்து நிக்கிறவன் படமும் நேத்து விழுந்து கிடந்த படமும் ஊர்க்காரன் போன்ல ஒண்ணாத்தான் கிடக்குது.

நம்ம பெரியவங்க கதைக்கு வருவோம். தோட்டத்துல கள்ளுக்கடை எப்படி வந்துச்சு? தொரைமாரோட அனுமதியில, தோட்டத்துக்கு உள்ளேயே வந்துச்சு. நாள் முழுக்க பால்மரம் வெட்டினவன் கையில வாங்கின கூலி சாயங்காலம் அதே தோட்டத்துக் கடைக்குத் திரும்பிப் போச்சு. அதே பிரிட்டிஷ்காரன் அரசாங்கம் அபினைத் தன் கையில வச்சுக்கிட்டு, சண்டூன்னு வித்து கஜானா நிரப்பினான். 1941-ல கிள்ளான் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணினப்போ கூலி உயர்வோட சேர்த்து வச்ச கோரிக்கைகள்ல ஒண்ணு கள்ளுக்கடைகளை மூடுங்கிறது. தலைமை தாங்கின ஆர்.எச். நாதனை நாடு கடத்தினாங்க. அந்தத் தொழிலாளிங்க கை நீட்டினது விக்கிறவனைப் பார்த்து. இன்னைக்கு நம்ம பேனர்ல விக்கிறவன் படம் ஒண்ணாவது இருக்கா? எந்த வீட்டுல விக்கிறாங்கன்னு தாமான்ல பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் திருவிழாவுக்கு நன்கொடை எழுதினா மைக்ல பேர் சொல்லி மாலை போடுவோம். எந்தக் கோயில்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் ஒரு கோயில் ஞாபகம் வரும்.

இன்னொண்ணு சொன்னா சிலர் சண்டைக்கு வருவீங்க. காவல் தெய்வத்துக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கிறோம். அது நம்ம முன்னோர் வழக்கம், நான் குறை சொல்லல. படையல் முடிஞ்சு அந்தப் போத்தல் எங்க போகுதுன்னும் நமக்குத் தெரியும். குடிச்சிட்டு கோயில் வாசல்ல ரகளை பண்ற மாமாவை "விடு, நம்ம மாமாதானே"ன்னு வீட்டுல கொண்டு விடுறோம். அவருக்குப் பேனர் இல்ல. ஊசி போட்டவனுக்கு மட்டும் பந்தக்கால்.

2022 ஏப்ரல் 27-ம் தேதி சிங்கப்பூர்ல நாகேந்திரன் தர்மலிங்கத்தைத் தூக்குல போட்டாங்க. ஈப்போ பையன், 42.72 கிராம் ஹெரோயின், அறிவுத்திறன் அளவு 69. அன்னைக்கு இதே குழுவுல மெழுகுவத்திப் படமா வந்து குவிஞ்சுது. "பாவம், யாரோ அனுப்பி மாட்டிக்கிட்டான்"னு எழுதினோம். சரியாத்தான் எழுதினோம். நம்ம நாட்டுலயும் 2023 ஜூலையில கட்டாய மரண தண்டனையை எடுத்தாச்சு, நீதிபதி ஆளைப் பார்த்து, சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்யட்டும்னு. கடத்தினதாத் தீர்ப்பு வந்தவனுக்கே சூழ்நிலையைப் பாருன்னு சட்டம் சொல்ற காலம் இது. உள்ளூர்ல, நாம தூக்கி வளர்த்த பிள்ளை நடுங்கிட்டு நிக்கும்போது மட்டும் நமக்கு அந்த இரக்கம் எங்க போகுது? தூரத்துல செத்தவன் மேல இரக்கப்படுறது ஈசி. இவன் நாளைக்குக் காலையில மறுபடி வாசல்ல வந்து நிப்பான், அதுதான் நமக்குக் கஷ்டம்.

சிறுநீர் சோதனை யோசனைக்கு வர்றேன். அன்னதான வரிசையில ஏஏடிகே நின்னா என்ன ஆகும்? பசியோட வர்றவன் வரமாட்டான். அவன் நாள் முழுக்கச் சாப்பிடுறதே நம்ம சோத்தைத்தான். வராதவன் எங்க போவான்? செம்பனைக்குள்ள போவான், பாழடைஞ்ச லயத்துக்குப் போவான். அங்க ஒருநாள் அளவு கூடிச் செத்தா நாத்தம் வந்த பிறகுதான் தெரியும். கோயில் ஒண்ணுதான் அவன் இன்னும் மனுஷங்க முகத்தைப் பார்க்கிற இடம். அதையும் பொறியா மாத்திட்டா, "வாடா தம்பி, கிளினிக்குக்குப் போலாம்"னு சொல்ல நமக்கு ஆள் கிடைக்க மாட்டான்.

கோலாலம்பூர்ல மலாயாப் பல்கலைக்கழகம் பக்கத்துல அர்-ரஹ்மான் மசூதி இருக்கு. அங்க 2010-ல பல்கலைக்கழக மருத்துவர்களோட சேர்ந்து மசூதியிலயே மெத்தடோன் கொடுக்கிற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. மருந்து குடிக்கணும், ஆலோசனை கேக்கணும், தொழுகையும் உண்டு. அவங்க மார்க்கத்துல போதை எவ்வளவு பெரிய பாவம்னு நமக்குத் தெரியும். அப்படி இருந்தும் கதவைத் திறந்தாங்க. நம்ம சாமி சுடுகாட்டுல ஆடுறவர், பேய் பூதத்தையெல்லாம் கணமா கூட வச்சிருக்கிறவர். அவர் வாசல்ல நாம கதவைச் சாத்துறோம்.

மருந்து கொடுக்கிற அளவுக்கு நாம இப்பப் போக வேண்டாம், அதுக்கு டாக்டர் வேணும், அனுமதி வேணும். நான் கேக்கிறது சின்னது. பேனர் வேண்டாம். அந்த வீடியோவை அழிங்க, இனி யாரையும் அப்படிப் படம் பிடிக்கக் கூடாதுன்னு தொண்டர் பொறுப்பாளர் அறிவிக்கணும். உண்டியலுக்கு நல்ல பூட்டும் ஒரு கேமராவும் போடுங்க. மாட்டினா கட்டாம, அடிக்காம போலீஸைக் கூப்பிடுங்க, கூடவே அவன் வீட்டுக்கும் ஒரு போன் போடுங்க. கோர்ட்டுக்குப் போற நாள்ல தொண்டர் ஒருத்தர் அந்த அம்மா கூடப் போய் நிக்கட்டும். பெயர்ப் பட்டியல்ல முதல் பேரா என் பேரைப் போட்டுக்குங்க, லீவு எடுத்துக்கிறேன்.

பேனருக்குன்னு ஒதுக்கின காசுல ஒரு நோட்டீஸ் அடிக்கலாம். சட்ட உதவி அறவாரியம் நம்பர், பக்கத்து சுகாதார கிளினிக்ல மெத்தடோன் கவுண்டர் நேரம், பிடிபட்டா என்ன கேக்கணும்ங்கிறது நாலு வரி, தமிழ்லயும் மலாய்லயும். அச்சகத்துல விசாரிச்சிட்டேன், ஆயிரம் தாளுக்கு அதே காசுதான் வருது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு மாதிரித் தாள் கொண்டு வர்றேன்.